டி. வசந்தாவின் பெட்டி

கோலாலம்பூர் போய் வந்ததைப் பற்றி எழுதுங்கள் டீச்சர் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எழுதலாம்தான். ஆனால் அங்கே போகவும் வரவும் நான் ஒன்றும் பாடுபடவில்லை. ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள், கொடுத்ததைச் சாப்பிட்டேன், இறக்கிவிட்டார்கள். நான் கால் நோகப் பயணம் செய்தது இரும்புலியூருக்கும் திரிசூலத்துக்கும் நடுவில்தான். அந்தப் பயணத்தைத்தான் எழுதப் போகிறேன். மலேசியா நடுநடுவே எட்டிப் பார்க்கும்.

நான் பூகோள டீச்சர். மலேசியாவில் விளைவது ரப்பர், தோண்டுவது தகரம் என்று வருஷா வருஷம் பிள்ளைகளை உருப்போட வைத்தவள். போய்ப் பார்த்தால் அண்ணன் வீட்டு ஜன்னலிலிருந்து ரப்பரும் தெரியவில்லை, தகரமும் தெரியவில்லை. எதிரே ஒரு ரொட்டிக் கடை தெரிந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்க அத்தை வந்தே தீரவேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்ததால் மே மாத லீவில் போயிருந்தேன். குழந்தையின் காதில் குனிந்து பெயரைச் சொன்னேன். அது என் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டது.

ஊருக்குச் சொன்ன காரணம் இது. எனக்கு இருந்த காரணம் ஒரு மெஷின்.

என் நாத்தனார் மல்லிகாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுப் பார்வை போய்விட்டது. விடுதிப் பள்ளியில் படித்தாள், பி.ஏ. முடித்தாள், பிறகு பிரெய்ல் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டாள். ஒருவர் சொல்லச் சொல்ல பிரெய்ல் மெஷினில் குறிப்பெடுத்து, பிறகு அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் படித்து, சாதாரண டைப்ரைட்டரில் அடித்துக் கொடுக்கவேண்டும். ஒரு அரசு அலுவலகத்தில் அந்த வேலைக்குத் தேர்வு அறிவித்திருந்தார்கள். டைப்ரைட்டரை அவர்கள் தருவார்கள். பிரெய்ல் மெஷினைத் தேர்வு எழுதுகிறவர் கொண்டுவர வேண்டும். மல்லிகா பழகியது பயிற்சி நிலையத்து மெஷினில். அதை வாசல் தாண்டி எடுத்துப்போக விடமாட்டார்கள். போன தடவை இதே தேர்வுக்கு மெஷின் இல்லாமல் போய், வாசலோடு திரும்பி வந்தாள். இந்தத் தடவையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு எழுதவே முடியாது.

அண்ணன் குடியிருந்த கட்டடத்தில் ரோஸ் ஆன்ட்டி என்று ஒருவர் இருந்தார். பார்வையில்லாதவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் புது மெஷின் வந்துவிட்டதால் பழையதை மல்லிகாவுக்குத் தருவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தார். நான் போனபோது பாலில்லாத கறுப்பு டீயும், பாண்டான் இலை வாசத்தோடு பச்சை நிறத்தில் ஒரு கேக்கும் கொடுத்தார். மெஷினை மேசை மேல் வைத்து ஒரு முறை தடவிக் கொடுத்தார்.

"சும்மா அலமாரியில பூட்டி வைக்கக் கூடாதுலா. தினமும் அடிக்கணும். அடிக்காட்டி அதுக்குக் கோவம் வந்துடும்" என்றார், அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' ஒட்டி.

சாம்பல் நிற இரும்பு. ஆறு விசைகள், நடுவில் இடம் விடுவதற்கு ஒரு விசை. எந்த விசையிலும் எழுத்து கிடையாது. தூக்கினால் கை இற்றுப்போகும். கையோடு கொண்டுபோகிறேன் என்று விமான நிலையத்தில் கெஞ்சினேன். இவ்வளவு கனத்தை உள்ளே விடக்கூடாது என்று கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஊரில் முடியாது என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். நாம் சரி என்பதையே முறைத்துக்கொண்டு சொல்வோம். மெஷினைப் புடவைகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, அண்ணன் சொன்னபடி பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை மேலாக வைத்துப் பூட்டினேன். பெட்டி பட்டையில் நகர்ந்து, தொங்கிக்கொண்டிருந்த கறுப்புத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே மறைந்தது. திரை ரப்பரால் ஆனது. மலேசியாவில் நான் பார்த்த ரப்பர் அது ஒன்றுதான்.

மெட்ராசில் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை காலை. பெட்டிகள் சுற்றிவரும் பட்டையைச் சுற்றி எல்லாரும் பந்தியில் இடம் பிடிப்பதுபோல் முண்டியடித்து நின்றார்கள். காக்கி உறை தைத்துப் போட்ட பெட்டி வந்தது. நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய பெட்டி வந்தது. மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்த பெட்டி மூன்று நான்கு வந்தன. அவற்றில் ஒன்றை இரண்டு பேர் தங்களுடையது என்று இழுத்தார்கள். ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து ஜாம் ஒழுகி, பின்னால் வந்த பெட்டிகளுக்கெல்லாம் பூசிவிட்டது. கூட்டம் கரைந்து, ஜாம் பெட்டி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் பெட்டி வரவில்லை.

விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் ஹேமா என்ற பெயர்ப் பட்டையோடு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் அடையாளமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"உங்க பேர் மேடம்?"

"டி. வசந்தா."

"டி-ன்னா?"

"வீட்டுக்காரர் இனிஷியல்."

"ஓகே மேடம்" என்று தலையாட்டினாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவளும் நம் ஊர்ப் பெண்தானே.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் என் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் ஆயுசு குறையும் என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். பூமி சாய்ந்து சுற்றுவதைப் பாடம் நடத்துகிறவள். ஆனால் கல்யாணமான நாள் முதல் வாயில் வரவில்லை, வராமலே பழகிவிட்டது. வீட்டில் 'ஏங்க'. வெளியே 'எங்க வீட்டுக்காரர்'. இரும்புலியூரில் 'பெயிண்ட் கடைக்காரர்' என்றாலே போதும், ஜி.எஸ்.டி. ரோட்டில் அவர் கடையைத் தெரியாதவர் இல்லை.

அவர் வெளியே கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பெட்டியை மொபெட்டில் கட்டுவதற்குக் கயிறோடு வந்திருந்தார்.

"இன்னா வசந்தா, பொட்டி எங்க?"

"வரலைங்க."

"வரலன்னா? நீ வந்துகீற இல்ல?"

"நான் வந்த விமானத்தில அது வரலை."

கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். குரோம்பேட்டை தாண்டியதும் மொபெட் செயின் கழன்றது. கோலாலம்பூர் கார்களின் அழகை அவருக்கு எடுத்துச் சொல்லலாம் என்றிருந்தேன். கிரீஸ் கையோடு அவர் குந்தியிருந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் மல்லிகா காத்திருந்தாள். மொபெட் நின்றதும் என்னிடம் வரவில்லை. பின்பக்கம் போய்க் கேரியரைத் தடவினாள். அங்கே கயிறு வைத்திருந்த பைதான் தொங்கியது.

"பின்னால வருதா அண்ணி?"

"வரும் மல்லி. ரெண்டு நாள்ல வந்துரும்."

"அதுக்கு ஊரைச் சுத்திப் பாக்கணும்னு ஆசை போல. வரட்டும்" என்று சிரித்தாள். தேர்வு அடுத்த வியாழக்கிழமை. அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை கடை போனில் ஹேமாவைப் பிடித்தேன். "லிஸ்ட்ல 'வி' எழுத்துல பாத்துட்டேன் மேடம். அந்த ஸ்டேஷனுக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கோம். வசந்தான்னு எந்தப் பெட்டியும் வரலை" என்றாள். நடுவில் விமானம் மாறிய ஊரைத்தான் அவள் ஸ்டேஷன் என்கிறாள். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. நல்ல ஊர், நல்ல மனிதர்கள், அங்கே நான் குடித்த இளநீரும் நல்ல இளநீர்.

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்விட்டேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் திரிசூலம் கொஞ்ச தூரம்தான். அன்றைக்குப் பார்த்து சானடோரியம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. மே மாத வெயிலில் ரயில் பெட்டி அடுப்பாகக் காய்ந்தது. எதிர் இருக்கைப் பெரியவர் ஒருவர் நுங்கு வாங்கி வந்திருந்தார். என்னையும் பக்கத்துப் பெண்ணையும் பார்த்துவிட்டு இலையோடு நீட்டினார். கோலாலம்பூரில் ரயிலும் பஸ்ஸும் நேரத்துக்கு வருகின்றன, ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இங்கே வண்டி நின்ற நேரத்தில் என் பெட்டி தொலைந்த கதை அந்தப் பெட்டி முழுவதும் பரவிவிட்டது. அவரவர் தங்கள் வீட்டில் தொலைந்த பொருளின் கதையைச் சொன்னார்கள். எல்லாமே கடைசியில் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்காகச் சொன்னார்களோ என்னவோ, எனக்கு அது இதமாக இருந்தது.

அன்றும் பெட்டி இல்லை.

திங்கட்கிழமை ஹேமா என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். யாரும் கேட்டு வராத பெட்டிகளை வைக்கும் அறை. கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசமும் கருவாட்டு வாசமும் சேர்ந்து வந்தன. ஒரு பெட்டிக்குக் கைப்பிடி இல்லை, ஒன்றுக்கு மூடி இல்லை. பாயில் சுற்றிய மெத்தை, ஒற்றைச் சக்கரம் மட்டும் மிஞ்சிய குழந்தை வண்டி, வாய் தைத்த சாக்கு. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு வாசலில் யாராவது காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாமான் ஏற்றி இறக்கும் கன்னியப்பன் அங்கே தரையில் உட்கார்ந்து, உப்பும் மிளகாயும் தூவிய மாங்காய்ப் பத்தை தின்றுகொண்டிருந்தார். பம்மல்காரர்.

"இன்னாம்மா, டெய்லி வந்துகினே கீற? உன் பொட்டி இன்னா கலரு?"

"நீலம். ஓரத்தில வெள்ளைக் கோடு."

"இங்க இல்ல. இந்தா, மாங்கா துன்னு."

பத்தையை வாங்கிக்கொண்டு, நாம் கொடுக்கும் பெட்டியை உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா செய்வோம்? பெல்ட்டுல வரும். எடுத்து வண்டில போடுவோம். வண்டி பிளேன் கிட்ட போவும். அங்க எடுத்து வயித்துக்குள்ள போடுவோம். அந்த ஊர்ல ஒருத்தன் எடுத்துப் போடுவான். போடறதுதாம்மா வேலையே. வைக்கறதுக்கு எங்க டைம் கீது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டேக் அறுந்தா மட்டும்தான் பேஜாரு. எந்த ஊருக்குன்னு தெரியாம பொட்டி முழிக்கும். ஆனா வந்துரும்மா. லேட்டா வரும், வராம போவாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் ஹேமாவோடு சண்டை போட்டேன். வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன். "நான் என்ன மேடம் ஒளிச்சா வெச்சிருக்கேன்? டெய்லி ரெண்டு தடவை பாக்கறேன். வசந்தா இல்ல, வசந்தா இல்லன்னு எனக்கே தூக்கத்துல வருது" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். பிறகு இரண்டு பேரும் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தோம். கோலாலம்பூரில் டீயைத் தலைக்கு மேலிருந்து இழுத்து ஆற்றி நுரையோடு தருவார்கள், பார்க்கவே ஒரு அழகு. விமான நிலையத்து டீயில் நுரையும் இல்லை, டீயும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மல்லிகா கூடத்தில் உட்கார்ந்து, மடியில் மணைப்பலகையை வைத்துக்கொண்டு, ஆறு விரல்களால் அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தாள். செய்தி வாசிப்பவரின் வேகத்துக்குச் சரியாக விரல்கள் ஓடின. மரத்தில் புள்ளி விழுமா என்ன? செய்தி முடிந்ததும் அவள் வெறும் பலகையை ஒரு முறை தடவினாள். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், கொஞ்சம் பொறுத்துச் சத்தம் போட்டபடி மறுபடி வந்தேன்.

"இல்லன்னா பரவால்ல அண்ணி. நாளைக்கு நீ போவாத. வெயில்ல அலைஞ்சு நீ கறுத்துட்டன்னு அண்ணன் சொல்லுது" என்றாள்.

"உங்க அண்ணனுக்கு இப்பதான் என் கலர் தெரிஞ்சுதா?" என்றேன்.

புதன்கிழமையும் போனேன். தேர்வுக்கு முந்தின நாள். போகாமல் வீட்டில் உட்கார என்னால் முடியாது.

கவுன்ட்டருக்கு முன்னால் நல்ல வரிசை. என்னைப் பார்த்ததும் ஹேமா தூரத்திலிருந்தே தலையை இடவலமாக ஆட்டினாள். நான் ஓரமாக நின்றேன். தள்ளுவண்டியோடு வந்த கன்னியப்பன் என் அருகே நிறுத்தினார்.

"இன்னும் வரலியா? இன்னாதான் வச்சிருந்த அதுல?"

"புடவைங்க. அப்புறம் ஒரு மெஷின்."

"மிஷினா?" என்று அவர் மோவாயைச் சொறிந்தார். "கஸ்டம்ஸ் ரூம்ல ஒரு பொட்டி கீது. ஆனா அது ஒரு ஆம்பளயோடதும்மா. உள்ள பூரா புடவை. கூட ஒரு டைப்பு மிஷினு, அதுல எயுத்தே இல்ல. அந்த ஆளு வரவே மாட்டேங்கிறான், பயந்துகினு ஓடிட்டான்னு சொல்லிக்கிறாங்க."

வரிசையைப் பிளந்துகொண்டு ஹேமாவிடம் போய்ச் சொன்னேன். அவள் உடனே கஸ்டம்ஸ் அறைக்குப் போன் போட்டாள். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. பெட்டியின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று அவர் சொல்ல மாட்டாராம். நாம் பெயரைச் சொன்னால் சரியா இல்லையா என்று மட்டும் சொல்வாராம். பெயரைச் சொல்லிக் கொடுத்தால் எவனாவது ஆமாம் என்று தூக்கிக்கொண்டு போய்விடுவான் அல்லவா?

ஹேமா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "வசந்தா இல்லையாம் மேடம். ஆம்பளைப் பேராம். உங்க பாஸ்போர்ட்ல வேற என்ன பேர் இருக்கு?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதினார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் முழுசாக அவர் பெயர்.

"எங்க வீட்டுக்காரர் பேர்" என்றேன்.

"அதான் மேடம், என்ன பேர்?"

கைப்பையில் பாஸ்போர்ட்டைத் தேடினேன். இல்லை; வெளிநாடு போய் வந்த பாஸ்போர்ட் என்று அவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். "பேனா குடு, எழுதித் தரேன்" என்றேன். ஹேமா பேனாவைத் தேடினாள். அது வரிசையில் இருந்த யாரிடமோ போயிருந்தது. போனில் அந்த ஆள், "என்னங்க, வச்சிடட்டுமா?" என்றார்.

ரிசீவரை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஒரு நிமிஷம் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"தாண்டவராயன்!"

"என்னது? சரியா கேக்கலை."

"தாண்டவராயன்!"

"லைன் சரியில்லம்மா, சத்தமா!"

"தா... ண்ட... வ... ரா... யன்! தாண்டவராயன்! என் புருஷன்!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஹேமா வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னியப்பன் தள்ளுவண்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்தப் பக்கம், "அப்படிச் சொல்லுங்க. அவரைத்தான் மூணு நாலு நாளா தேடிக்கினு இருக்கோம்" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். விமானம் மாறிய ஊரில் டேக் அறுந்திருக்கிறது. பூட்டை உடைத்துப் பார்த்தவர்கள் மேலாக இருந்த நகலை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் வழக்கப்படி கடைசியில் இருக்கும் பெயர்தான் ஆளின் பெயர். திருவாளர் தாண்டவராயன் என்று புது டேக் எழுதி, புது எண் போட்டு மெட்ராசுக்கு அனுப்பிவிட்டார்கள். செங்கல்பட்டைத் தாண்டாத மனிதர் இப்படித்தான் வெளிநாட்டுப் பயணி ஆனார். நாங்கள் இங்கே நான்கைந்து நாளாக வசந்தாவைத் தேடிக்கொண்டிருந்தோம்.

கஸ்டம்ஸ் அறையில் என் பெட்டி நீலமாக உட்கார்ந்திருந்தது. பூட்டு உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் மெஷின் மட்டும் தனியாக மேசை மேல் இருந்தது. அதிகாரி நடுவயதுக்காரர், நல்ல மாதிரி. ஆனால் விடுவதாக இல்லை.

"இது என்ன மெஷின்மா? ஆறு கீ. ஒரு எழுத்து கிடையாது. ரகசிய மெஷின் மாதிரி இருக்கு. என்னன்னு தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பிரெய்ல் என்று சொன்னேன். அடித்துக் காட்டுங்கள் என்றார். எனக்கு எங்கே தெரியும்? பேப்பர் எந்தப் பக்கம் செருக வேண்டும் என்பதே தெரியவில்லை. ஹேமாவின் போனிலிருந்து கடைக்குப் பேசினேன். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள் என்றேன். பாதிப் பெயிண்ட் கலக்கியபடி விட்டுவிட்டு, தங்கையை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்து வந்து சேர்ந்தார். வேட்டியில் பச்சைச் சொட்டுகள்.

மல்லிகாவை மேசைக்கு அழைத்துப் போனேன். அவள் இரண்டு கைகளையும் மெஷின் மேல் வைத்தாள். விசைகளை, பக்கத்துக் கைப்பிடியை, பின்புறத்தை மெதுவாகத் தடவினாள். பிறகு, "பேப்பர் குடுங்க சார். கொஞ்சம் தடியா இருந்தா நல்லது" என்றாள்.

அதிகாரி ஒரு காலண்டர் அட்டையைக் கிழித்துக் கொடுத்தார். அவள் செருகிச் சுருட்டினாள்.

"சொல்லுங்க சார்."

"என்ன சொல்ல?"

"எது வேணா. நீங்க சொல்றதை எழுதறேன். ஸ்பீடா சொல்லுங்க."

அவர் மேசையிலிருந்த கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தார். பறிமுதல் செய்யப்பட்ட பொருட்கள், உரிய காலத்துக்குள், மேற்படி, இதன் மூலம் என்று ஓடியது. மெஷின் தடதடவென்று கூடவே ஓடியது. வரி முடியும்போதெல்லாம் மணி அடித்தது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசித்து முடித்து அவர் கோப்பை மூடினார். மல்லிகா அட்டையை உருவி, விரலை ஓட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

"...மேற்படி பொருட்களை உரிய காலத்துக்குள் பெற்றுக்கொள்ளாதவர்கள் மீது. டேய், யார்ரா அங்க, ஃபேனைக் கூட்டி வை. மூணு டீ சொல்லு. பெற்றுக்கொள்ளாதவர்கள் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது."

நடுவில் அவர் ஃபேனுக்கும் டீக்கும் குரல் கொடுத்ததை அவரே மறந்திருந்தார். அறை முழுவதும் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அட்டையை வாங்கி அவர் விரலாலும் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "டேய், ஆறா சொல்லு" என்றார்.

பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது ஹேமா என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது. அவர் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார்.

"என் பேரைச் சொன்னியாமே?"

"சொன்னேன்."

"கூட்டத்துலயா?"

"கூட்டத்துலதான்."

கொஞ்ச தூரம் நடந்தார். "எப்பிடி இருந்துச்சு?"

"நீளமா இருந்துச்சு" என்றேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கிற வரைக்கும் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மல்லிகாவோடு தேர்வுக்குப் போனேன். என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒருவர் சொல்ல ஆரம்பித்தார், நான்கைந்து மெஷின்கள் ஒன்றாக ஓடின. கொஞ்ச நேரத்தில் ஒன்று தயங்கியது, இன்னொன்று நின்றுவிட்டது. கனமான சத்தத்தோடு ஒன்று மட்டும் நிற்காமல் ஓடியது. அது நம்முடையதுதானா என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவள், "அண்ணி, பசி உயிர் போவுது" என்றாள். இருவரும் பக்கத்துக் கடையில் போய் ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டோம். தேர்வு எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் மல்லிகாவுக்கு வேலை உத்தரவு வந்தது. முதல் நாள் துணைக்கு நானும் போனேன். தாம்பரத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். மெஷினைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். கனம் தொடையை அழுத்துமே, நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை. குரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது. சாப்பாட்டுக் கூடையோடு ஒருவர் எங்களுக்கு எதிரே வந்து இடிபட்டு நின்றார்.

"ஏம்மா, லக்கேஜைத் தூக்கி மேல போடேன். ஒரு ஆள் நிக்க எடம் கெடைக்கும்ல?"

மல்லிகா பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது லக்கேஜ் இல்ல சார். என்னோட வேலை."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். தன் கூடையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, பின்னால் நின்றவர்களிடம், "தள்ளாதப்பா, வேலைக்குப் போற பொண்ணு உக்காந்துகீது" என்றார்.